சி. ரங்கராஜன்: அரசின் கைமாற்றுக்கு எல்லை வைத்தவர்

கேள்வி இதுதான்: "1991 பொருளாதாரச் சீர்திருத்தம் என்றால் நரசிம்ம ராவ், மன்மோகன் சிங் பெயர்கள்தான் வருகின்றன. சி. ரங்கராஜன் என்ற பெயரும் அங்கங்கே தட்டுப்படுகிறது. அவர் யார்? ரிசர்வ் வங்கி ஆளுநராக அவர் செய்ததில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? பொருளாதாரம் படிக்காத எனக்குப் புரிய வேண்டும்."

நான் பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. சென்னையில் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். மண்ணடியில் எழுத்தராகச் சேர்ந்து, அம்பத்தூர், மயிலாப்பூர் என்று கிளை கிளையாகச் சுற்றி, மேலாளராக ஓய்வு பெற்றேன். மும்பையில் ரிசர்வ் வங்கி எடுத்த முடிவுகள் எங்கள் கவுண்டருக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்தே சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று என்றால் என் பதில் 1994 செப்டம்பர் 9. மத்திய அரசுக்குப் பணம் போதாதபோதெல்லாம் ரிசர்வ் வங்கியிலிருந்து தானாகவே பணம் போய்ச் சேரும் ஒரு வழி அதுவரை இருந்தது. அதை மூன்று ஆண்டுகளில் மூடிவிடுவது என்று அன்று அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதைச் செய்ய வைத்தவர் ரங்கராஜன். 1991 ஜூலையில் நடந்தவை சினிமாக் காட்சிபோல விறுவிறுப்பானவை, அதனால் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்த ஒப்பந்தம் வெறும் காகித வேலை. ஆனால் இன்று உங்கள் வைப்புத் தொகை, வீட்டுக் கடன், மாதச் சம்பளத்தின் மதிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் காகிதம் இருக்கிறது.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சக்ரவர்த்தி ரங்கராஜன் 1932 ஜனவரி 5 அன்று அரியலூரில் பிறந்தவர். அப்போது அது திருச்சி மாவட்டத்தில் இருந்த ஊர். திருச்சி நேஷனல் கல்லூரியிலும் சென்னை லயோலா கல்லூரியிலும் படித்தார். பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், 1964-ல் முனைவர் பட்டம். லயோலா, வார்ட்டன், நியூயார்க், டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று பல இடங்களில் பாடம் நடத்திவிட்டு, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பத்தாண்டுக்கு மேல் பேராசிரியராக இருந்தார். ஐ.ஏ.எஸ். எழுதி மேலே வந்தவர் இல்லை. ஐம்பது வயது வரை வகுப்பறைதான் அவர் உலகம். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு விஷயத்தை ஒரே நாளில் சாதிக்க முடியாது, ஒரு பருவம் முழுக்க நடத்தினால்தான் பிள்ளைகளுக்கு ஏறும் என்று தெரிந்தவர்தான் வாத்தியார். அவர் பிற்பாடு செய்த ஒவ்வொன்றிலும் அந்தப் பழக்கம் தெரியும்.

1982 பிப்ரவரியில், ஐ.ஜி. பட்டேல் ஆளுநராக இருந்தபோது, ரிசர்வ் வங்கிக்குத் துணை ஆளுநராக வந்தார். அந்த நாற்காலியில் ஒன்பதரை ஆண்டு. மன்மோகன் சிங், ஆர்.என். மல்ஹோத்ரா, எஸ். வெங்கிடரமணன் என்று ஆளுநர்கள் மாறினார்கள், இவர் மாறவில்லை. மன்மோகன் சிங் 1982 முதல் 1985 வரை அங்கே ஆளுநராக இருந்தார். பின்னால் ஒருவர் நிதியமைச்சராகவும் மற்றவர் ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் எதிரெதிரே உட்கார்ந்தபோது, இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்திருந்தது.

துணை ஆளுநர் காலத்தில் அவர் செய்த ஒரு வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. வீட்டில் ஒரு காசோலை இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பட்டையில் விசித்திரமான எழுத்தில் எண்கள் இருக்கும். காசோலை எண்ணுக்கு அடுத்து ஒன்பது இலக்கம். முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. சென்னைக் காசோலை என்றால் 600 என்று தொடங்கும், நம் அஞ்சல் குறியீட்டைப் போலவே. காந்த மையில் அச்சிட்ட அந்த எண்களை இயந்திரம் படித்துக் காசோலைகளைப் பிரிக்கும் முறைதான் எம்.ஐ.சி.ஆர். 1984-ல் அறிக்கை கொடுத்த ரங்கராஜன் குழு, நான்கு பெருநகரங்களில் இதைக் கொண்டுவரச் சொன்னது.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? ஒவ்வொரு வங்கியிலிருந்தும் ஆட்கள் காசோலைக் கட்டுகளைப் பையில் தூக்கிக்கொண்டு கிளியரிங் ஹவுஸுக்குப் போவார்கள். அங்கே மேசை மேசையாகப் பிரித்து, கூட்டி, மாற்றிக்கொள்வார்கள். ஒரு ரூபாய் இடித்தால் ஒட்டுமொத்தக் கூட்டமும் காத்திருக்கும். கிளையில் லெட்ஜர்கள். ஒவ்வொன்றும் இரண்டு கையால் தூக்க வேண்டிய கனம். அரை வருட முடிவில் வட்டி போடும்போது இரவு பத்து மணிக்குத்தான் வீடு. வாடிக்கையாளர் பித்தளை டோக்கனைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார், வெறும் ஐந்நூறு ரூபாய் எடுக்க.

கம்ப்யூட்டர் வருகிறது என்றதும் நாங்கள் எதிர்த்தோம். நானும் சங்கத்தில் இருந்தேன், வாயிற்கூட்டங்களில் கோஷம் போட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் பொய்யான பயம் இல்லை. எங்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்தவர்கள். 1983-ல் சங்கங்களும் வங்கி நிர்வாகங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன, அதன் பிறகே இந்தக் குழு. அது ஒரே அடியாக எல்லாக் கிளையையும் மாற்றச் சொல்லவில்லை. முதலில் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள், பெரிய நகரங்களில் கிளியரிங். சில ஆண்டு கழித்து, அவரே தலைமை ஏற்ற இரண்டாவது குழு 1989-ல் அடுத்த கட்டத்தைச் சொன்னது. படிப்படியாக வந்ததால் ஆட்கள் கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது. எங்கள் கிளையில் இயந்திரம் வந்ததற்காக யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்று கோஷம் போட்டவன் என்ற முறையில் இதைப் பதிவு செய்ய வேண்டியது என் கடமை.

சரி, 1991. அந்த ஆண்டு ஜூனில் நம் நாட்டின் கையில் இருந்த அந்நியச் செலாவணி நூறு கோடி டாலரைச் சற்றே தாண்டிய அளவு. இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். ரிசர்வ் வங்கி ஆளுநர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன், துணை ஆளுநர் ரங்கராஜன். ஜூலையில் 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்து 40.5 கோடி டாலர் வாங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கடனை அடைத்துத் தங்கத்தை மீட்டதும் உண்டு. ஆனால் மக்கள் மனதில் நின்றது அடகு மட்டும். தாலியைத் தவிர மீதியெல்லாம் சேட்டுக் கடைக்குப் போன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! எங்கள் கிளையில் அன்று வேறு பேச்சே இல்லை.

ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அதே ஜூலை. ஒன்றாம் தேதி ஒரு படி, மூன்றாம் தேதி இன்னொரு படி. 21 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 26 ரூபாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. விளையாட்டு மைதானத்தில் மும்முறைத் தாண்டுதல் பார்த்திருப்பீர்கள். அதன் ஆங்கிலப் பெயரான 'ஹாப், ஸ்கிப், ஜம்ப்' என்பதைத்தான் இந்த நடவடிக்கைக்கு இரகசியப் பெயராக வைத்திருந்தார்கள். முதல் படிக்கே அரசியலில் சத்தம் எழுந்ததால், இரண்டாவதை நிறுத்த முடியுமா என்று பிரதமர் நரசிம்ம ராவ் கேட்டார். மூன்றாம் தேதி காலை மன்மோகன் சிங் ரங்கராஜனுக்குத் தொலைபேசியில் பேசினார். அதற்குள் ரிசர்வ் வங்கி புதிய விலையை அறிவித்திருந்தது. தாண்டியாகிவிட்டது என்று இவர் பதில் சொன்னார். அரை மணி நேர இடைவெளியில் நாட்டின் பாதை நிர்ணயமானது என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்தப் படி அன்று நின்றிருந்தாலும் வேறொரு நாளில், இன்னும் மோசமான நிலையில், எடுக்க வேண்டி வந்திருக்கும்.

அப்புறம் திட்டக் குழு உறுப்பினராகக் கொஞ்ச காலம். 1992 டிசம்பர் 22 அன்று ரிசர்வ் வங்கியின் 19-வது ஆளுநர் ஆனார். பங்குச் சந்தை ஊழல் வெடித்து, வங்கிகளின் பெயர் கெட்டுக் கிடந்த வருடம் அது. 1997 நவம்பர் 21 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

இப்போது அந்தக் காகித வேலைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மத்திய அரசின் நடப்புக் கணக்கு ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. 1955-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கணக்கில் குறைந்தபட்சம் 50 கோடி ரூபாய் இருக்க வேண்டும். குறைந்துவிட்டால், குறைந்த தொகைக்கு அரசு ஒரு கருவூல உண்டியல், அதாவது குறுகிய காலக் கடன் பத்திரம், எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுக்கும். வங்கி அதை வைத்துக்கொண்டு கணக்கை நிரப்பும். 'அட்ஹாக்' உண்டியல் என்று பெயர். அவசரத்துக்கு என்று பொருள். கெடு 91 நாள். கெடு வரும் நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால்? இன்னொரு உண்டியல். 1974-லிருந்து அதற்கு வட்டி 4.6 சதவீதம். வெளியே விலைவாசி பத்து சதவீதம் ஏறினாலும் அதே 4.6.

என் கிளைக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார். அவர் கணக்கில் பணம் தீர்ந்தால் மேலாளரிடம் கேட்காமலேயே கணக்கு நிரம்பும். எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு கிடையாது. திருப்பித் தரும் நாள் பெயருக்குத்தான். நிலுவை மலைபோல ஆகிவிட்டால், அதை மொத்தமாக, கெடுவே இல்லாத பத்திரமாக மாற்றி எழுதிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் வருமானத்துக்குள் செலவு செய்வாரா? தற்காலிகக் கைமாற்றாகத் தொடங்கியது நாற்பது வருடம் ஓடியது அப்படித்தான்.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி யாரிடமோ இருந்து வாங்கிக் கொடுக்கும் பணம் இல்லை அது. புதிதாக உருவாக்கும் பணம். அது சுற்றுக்கு வந்தால் விலைவாசி ஏறும். ஏறாமல் தடுக்க ரிசர்வ் வங்கி வேறு பக்கம் பிடியை இறுக்கும். அன்று வங்கிகள் தங்களிடம் வந்த வைப்புத் தொகையில் ரொக்க இருப்பாக 15 சதவீதம் வைக்க வேண்டியிருந்தது, அரசுப் பத்திரங்களில் 38.5 சதவீதம் போட வேண்டியிருந்தது. கூட்டிப் பாருங்கள், 53.5. எங்கள் கிளையில் ஒருவர் நூறு ரூபாய் போட்டால் ஐம்பத்து மூன்று ரூபாய்க்கு மேல் அப்படியே போய்விடும். மிச்சத்தில்தான் விவசாயிக்கும் கடைக்காரருக்கும் லேத் பட்டறைக்கும் கடன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு இயந்திரம் வைத்திருந்த ஒருவர், மூன்றாவது இயந்திரத்துக்குக் கடன் கேட்டு என் மேசைக்கு எத்தனை தடவை நடந்தார் என்று எனக்குத்தான் தெரியும். அவர் கணக்கு சுத்தமாக இருந்தது. என்னிடம் கொடுக்கப் பணம் இல்லை. டெல்லியில் தானாக நிரம்பிய கணக்கின் விலையை அம்பத்தூரில் அவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1980-களிலேயே ரங்கராஜன் இதைப் பற்றி யோசித்திருக்கிறார். பொருளாதார அறிஞர் சுகமய் சக்ரவர்த்தி தலைமையில் பண முறையை ஆராய்ந்து 1985-ல் அறிக்கை கொடுத்த குழுவில் அவர் உறுப்பினர். பண அளிப்பு, அதாவது நாட்டில் புழங்கும் மொத்தப் பணம், எவ்வளவு கூடலாம் என்று முன்கூட்டியே இலக்கு வைக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. ஆனால் ஒரு வாசலை அரசு தானே திறந்துகொள்ள முடியும் என்றால் எந்த இலக்கு நிற்கும்? ஆளுநரான பிறகு, 1993 செப்டம்பரில் கொல்கத்தாவில், மத்திய வங்கிகளின் தன்னாட்சி பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பதவியில் இருக்கும் ஆளுநர், நியமித்த அரசைப் பார்த்து, இந்தத் தானியங்கி ஏற்பாடு முடிய வேண்டும் என்று பொது மேடையில் சொன்னார். அடுத்த பட்ஜெட்டிலேயே, 1994 பிப்ரவரியில், மன்மோகன் சிங் அதை ஏற்று அறிவித்தார். செப்டம்பரில் கையெழுத்து.

ஒப்பந்தத்தின் அழகு அதன் பொறுமையில் இருக்கிறது. நாளையிலிருந்து கிடையாது என்று சொல்லியிருந்தால் அரசாங்கத்தால் சம்பளம் போட்டிருக்க முடியாது, ஒப்பந்தமும் முதல் மாதமே உடைந்திருக்கும். 1994-95 ஆண்டு முடிவில் நிகர உண்டியல் 6,000 கோடி ரூபாயைத் தாண்டக் கூடாது. நடுவில் 9,000 கோடியைத் தாண்டிப் பத்து வேலை நாளுக்கு மேல் நின்றால், ரிசர்வ் வங்கி தானாகச் சந்தையில் உண்டியல்களை விற்று அதைக் கீழே கொண்டுவரும். இப்படி எல்லை வைத்து, மூன்றாவது ஆண்டு முடிவில் அடியோடு நிறுத்துவது. இதற்கான மாற்று வழியையும் ஏற்கெனவே தயார் செய்துவைத்திருந்தார்கள். 1992-லிருந்தே அரசுப் பத்திரங்களை ஏலத்தில் விடத் தொடங்கியிருந்தார்கள், 1993 ஜனவரியில் 91 நாள் உண்டியலும் ஏலத்துக்கு வந்தது. சந்தை கேட்கும் வட்டியைக் கொடுத்துத்தான் அரசு கடன் வாங்க வேண்டும். கடனுக்கு உண்மையான விலை என்ன என்று அரசுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நடுவில் ஆட்சி மாறியது. 1996-ல் காங்கிரஸ் தோற்று ஐக்கிய முன்னணி வந்தது, ப. சிதம்பரம் நிதியமைச்சர். கையெழுத்துப் போட்டது முந்தைய அரசு என்று தட்டிக்கழித்திருக்கலாம். தட்டிக்கழிக்கவில்லை, அந்தப் பெருமை சிதம்பரத்துக்கும் சேரும். 1997 மார்ச் 31-ஓடு அட்ஹாக் உண்டியல் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் 'வழிவகை முன்பணம்' என்ற ஏற்பாடு. வரவும் செலவும் ஒரே நாளில் பொருந்தாதபோது தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரம்பு உண்டு. முதல் ஆண்டில் முதல் அரையாண்டுக்கு 12,000 கோடி, அடுத்த அரையாண்டுக்கு 8,000 கோடி. மூன்று மாதத்துக்குள் திருப்ப வேண்டும். வட்டியும் சந்தையை ஒட்டி. என் பழைய வாடிக்கையாளருக்கு ஓவர்டிராஃப்ட் வரம்பு போட்டாகிவிட்டது.

அரசுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கி இன்றும் சந்தையில் வாங்குகிறதே, சுற்றி வளைத்து அதே பணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம், முடிவு யார் கையில் என்பதில். முன்பு அரசின் தேவை முடிவு செய்தது. இப்போது பொருளாதாரத்தில் எவ்வளவு பணம் வேண்டும் என்று பார்த்து ரிசர்வ் வங்கி முடிவு செய்கிறது. 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம், 2006 ஏப்ரலிலிருந்து அரசின் பத்திரங்களை ரிசர்வ் வங்கி வெளியீட்டிலேயே நேரடியாக வாங்குவதையும் தடுத்தது. 2016-ல் பணவீக்க இலக்கைச் சட்டமாக்கினார்கள். 1994 நடந்திருக்காவிட்டால் இவற்றில் எதுவும் நின்றிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

வங்கிகளைக் கட்டிப்போட்டிருந்த அந்த 53.5 என்ன ஆயிற்று என்றால், 1997-ல் அவர் விடைபெறும்போது ரொக்க இருப்பு பத்து சதவீதத்தை ஒட்டிய அளவுக்கும், அரசுப் பத்திரம் 25 சதவீதத்துக்கும் இறங்கியிருந்தன. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கு என்ன வட்டி என்பதை வங்கிகளே முடிவு செய்யலாம் என்று 1994 அக்டோபரில் விட்டுவிட்டார்கள். புதிய தனியார் வங்கிகளுக்கு உரிமம் கொடுக்கும் விதிமுறைகள் 1993 ஜனவரியில் வந்தன. இன்று நீங்கள் கணக்கு வைத்திருக்கும் பெரிய தனியார் வங்கிகளில் பல அந்த வழியில் வந்தவை.

டாலர் பக்கம் அவர் செய்ததும் பெரிய கதை. சென்னையில் ராஜாஜி சாலையில் நடந்தால் ரிசர்வ் வங்கிக் கட்டடமும் பர்மா பஜாரும் ஒரே சாலையில்தான். அந்தக் காலத்தில் ஒரு தகப்பனார் வெளிநாட்டில் படிக்கும் மகனுக்குக் கட்டணம் அனுப்ப வேண்டுமென்றால், படிவம் படிவமாக எழுதி, அனுமதிக்குக் காத்திருந்து, கணக்குப் பார்த்துக் கொடுத்த டாலரை வாங்கிப் போவார். அதே சாலையில் வெளிநாட்டுச் சாமான்கள் கடை கடையாகத் தொங்கும். 1992 மார்ச்சில் இரட்டை மாற்று விகிதம் வந்தது. ஏற்றுமதியாளர் கொண்டுவரும் டாலரில் 40 சதவீதம் அரசு விலைக்கு, 60 சதவீதம் சந்தை விலைக்கு. ஓராண்டு அப்படி ஓட்டிப் பார்த்துவிட்டு 1993 மார்ச்சில் இரண்டையும் ஒன்றாக்கி, சந்தையிடமே விட்டார்கள். 1994 ஆகஸ்டில் நடப்புக் கணக்குப் பரிமாற்றங்களுக்கு, அதாவது வணிகம், படிப்பு, மருத்துவம், பயணம் போன்றவற்றுக்கு, ரூபாயை மாற்றிக்கொள்வதில் இருந்த கட்டுப்பாடு விலகியது. இதற்கெல்லாம் வரைபடம் போட்டது அந்நியச் செலுத்துநிலை, அதாவது வெளிநாடுகளோடு நாட்டுக்கு உள்ள வரவு செலவு, பற்றி ஆராய, அவர் தலைமையிலேயே அமைந்த உயர்நிலைக் குழு. குறுகிய காலக் கடனில் அளவோடு இருக்க வேண்டும் என்றும் அது எச்சரித்தது. 1997-ல் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் கவிழ்ந்தபோது நாம் தப்பியதற்கு அந்த எச்சரிக்கை ஒரு முக்கியக் காரணம்.

எல்லாமே அவர் நினைத்தபடி நடந்தது என்று சொல்லமாட்டேன். 1993-லிருந்து டாலர் வெள்ளமாக வந்தது. ரூபாய் ஏறிவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியது, இரண்டு ஆண்டுக்கு மேல் விலை 31.37 ரூபாயிலேயே நின்றது. டாலருக்கு ஈடாக ரூபாய் வெளியே வந்தது, 1994-95-ல் விலைவாசி பத்து சதவீதத்தைத் தாண்டியது. அதை அடக்க அவர் பிரேக் போட்டார். அதே நேரம், 1995 இறுதியில், ரூபாயும் சரிந்தது. பணத் தட்டுப்பாடு கடுமையானது. நம்பகமான வாடிக்கையாளர்களுக்குப் பெரிய வங்கிகள் போடும் முதன்மைக் கடன் வட்டியே 16.5 சதவீதம் என்றால், சிறு தொழில்காரருக்கு என்ன வட்டி என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒருவழியாக மூன்றாவது இயந்திரத்துக்குக் கடன் வாங்கிய அந்த அம்பத்தூர்க்காரர், 1996-ல் இரண்டாவதை விற்று வட்டி கட்டினார். பிரேக் போட்டது சரி, போட்ட நேரமும் அழுத்தமும் அதிகம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். விலைவாசி இறங்கியது உண்மை. அந்தச் சுமை யார் தோளில் விழுந்தது என்பதும் உண்மை.

1996-ல் வந்த காந்தி படம் போட்ட புது நோட்டுகளின் முதல் வரிசையில் இருப்பது அவர் கையெழுத்து. பழைய நோட்டு ஏதாவது வீட்டில் இருந்தால் பாருங்கள்.

ரிசர்வ் வங்கியை விட்ட மூன்றாவது நாள் ஆந்திரப் பிரதேச ஆளுநர். தமிழில் இரண்டு பதவிக்கும் ஒரே சொல் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், இவர் இரண்டுமாக இருந்தார். 2003 தொடக்கம் வரை ஹைதராபாத். நடுவில் 2001 ஜூலை முதல் 2002 ஜனவரி வரை தமிழ்நாட்டையும் சேர்த்துக் கவனித்தார். 2001 செப்டம்பர் 21 அன்று ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று இரவு, கிண்டி ராஜ்பவனில் ஓ. பன்னீர்செல்வத்துக்கு முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இவர்தான். 2002-ல் பத்ம விபூஷண். 12-வது நிதிக் குழுவின் தலைவர், ஓராண்டு மாநிலங்களவை நியமன உறுப்பினர், மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது பொருளாதார ஆலோசனைக் குழுவின் தலைவர் என்று வரிசை நீள்கிறது. நிதிக் குழுவில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று சொல்லும் குழு அது. அந்த வருவாயில் மாநிலங்களுக்கான மொத்தப் பங்கை 29.5-லிருந்து 30.5 சதவீதமாக உயர்த்தினார்கள், ஆனால் அதற்குள் தமிழ்நாட்டின் பங்கு 5.385-லிருந்து 5.305-க்கு இறங்கியது. நம்மூர்க்காரர் தலைவர் என்பதால் நமக்குச் சலுகை கிடைக்கவில்லை. அதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது அவர் மேல் மரியாதையைத்தான் கூட்டியது.

வறுமைக்கோடு விஷயத்தில் அவரைத் திட்டியவர்கள் நிறைய. 2014-ல் அவர் குழு, நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 47 ரூபாய், கிராமத்தில் 32 ரூபாய் என்று கோடு போட்டது. 47 ரூபாயில் சென்னையில் வாழ முடியுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது, முடியாது. ஆனால் பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையில் இருந்த முந்தைய குழுவின் கோடு இதைவிடக் கீழே இருந்தது. பழைய கணக்கில் 2011-12-ல் ஏழைகள் 21.9 சதவீதம், இவர் கணக்கில் 29.5. ஏழைகளைக் குறைத்துக் காட்டினார் என்று திட்டியவர்கள், உண்மையில் அவர் எண்ணிக்கையை உயர்த்தியதைக் கவனிக்கவில்லை. கோடு இன்னும் மேலே இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

கடைசியாக, சென்னையில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அருகில், மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. வரிச் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன ராஜா செல்லையா 1993-ல் தொடங்கியது. அதன் தலைவர் பொறுப்பை ரங்கராஜன் ஏற்றார். தொண்ணூறைத் தாண்டிய பிறகும் நாளிதழ்களில் பண வீக்கம், வளர்ச்சி, மாநில நிதி பற்றி எழுதுகிறார். கொரோனாவுக்குப் பிறகு மாநிலப் பொருளாதாரத்தை எப்படித் தூக்குவது என்று ஆராய 2020 மே மாதம் தமிழ்நாடு அரசு அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். நகரத்து ஏழைகளுக்கும் வேலை உறுதி வேண்டும் என்ற அதன் பரிந்துரையின் பேரில்தான், அடுத்த ஆண்டு 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

படிக்க எங்கே தொடங்குவது என்றால், ரிசர்வ் வங்கி வாராவாரம் வெளியிடும் புள்ளிவிவர இணைப்பை எடுங்கள். முதல் அட்டவணையில் மத்திய அரசுக்குக் கொடுத்த கடன் என்று ஒரு வரி இருக்கும். அந்த வழிவகை முன்பணம்தான் அது. சில வாரங்களில் அங்கே ஒரு தொகை இருக்கும், பிறகு காணாமல் போய்விடும். பல வாரங்களில் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இருக்காது.